சக்கரத்தில் ஓடும் சென்னைப் பிள்ளைகள் பனிக்கட்டியில் ஓடக் கூடாதா?

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். மயிலாப்பூர் மாட வீதியில் கோலம் போடும் பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். கோவிலுக்குப் புறப்பட்ட தாத்தா காதை மறைத்து மப்ளர் சுற்றியிருக்கிறார்.

"அப்பப்பா! என்ன குளிர்!" என்கிறார் பாட்டி.

வெப்பமானியைப் பார்த்தால் 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும்!

சென்னையின் குளிர் இவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்களிடம் போய், "குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடலாம்" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் சிரிப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாற்றைத் தாண்டிப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஒரு நடை போய் வரட்டும். அங்கே காலில் சக்கரம் கட்டிய சிறுவர் சிறுமியரைப் பார்க்கலாம். முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை, தலையில் தொப்பி. உடம்பை முன்னால் வளைத்து, ஒரு கையை முதுகில் மடக்கி, மறு கையை வீசி வீசி ஓடுகிறார்கள். விழுகிறார்கள். அம்மா ஓடி வருவதற்குள் எழுந்து மறுபடி ஓடுகிறார்கள்.

குளிர்கால ஒலிம்பிக்கில் பனிக்கட்டி மேல் ஓடும் வீரர்களும் இப்படித்தான் வளைகிறார்கள். இப்படித்தான் கை வீசுகிறார்கள். வித்தியாசம் காலுக்கு அடியில்தான் இருக்கிறது. இங்கே சக்கரம், அங்கே கத்தி போன்ற இரும்புத் தகடு.

சாமோனியில் தொடங்கிய கதை

குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் எப்படி வந்தது?

கோடைக்கால ஒலிம்பிக் முதலில் வந்தது. 1896-ம் ஆண்டு கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரில் அது தொடங்கியது. பனிக்கட்டி மேல் நடனம் போல் சறுக்கும் அழகுச் சறுக்கை 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். 1920-ல் ஆண்ட்வெர்ப் நகரில் பனி ஹாக்கியும் சேர்ந்தது.

பனி விளையாட்டுகளுக்குத் தனியாக ஒரு பந்தயம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பிரான்சு நாட்டில் மான்ட் பிளாங்க் மலை அடிவாரத்தில் சாமோனி என்று ஓர் ஊர். 1924-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அங்கே போட்டிகள் தொடங்கின. 16 நாடுகள் வந்தன. அப்போது அதற்கு ஒலிம்பிக் என்ற பெயர்கூட இல்லை. "குளிர்கால விளையாட்டு வாரம்" என்றுதான் அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, "அதுதான் முதலாவது குளிர்கால ஒலிம்பிக்" என்று அறிவித்தார்கள். பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் கழித்துப் பெயர் சூட்டிய கதை!

அந்த முதல் பந்தயத்தில் முதல் தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் ஜூட்ரா. அவர் ஓடியது 500 மீட்டர் பனிக்கட்டி ஓட்டம். ஆக, குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் தங்கமே வேகச் சறுக்குக்குத்தான்.

அங்கே நார்வே நாட்டிலிருந்து ஒரு சிறுமியும் வந்திருந்தாள். பெயர் சோன்யா ஹெனி. வயது 11. அழகுச் சறுக்கில் 8 பேர் போட்டியிட்டார்கள். சோன்யாவுக்கு எட்டாவது இடம், அதாவது கடைசி இடம்! அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை அந்தப் பெண். 1928, 1932, 1936 என்று அடுத்தடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினாள்.

பனி வராமல் போன ஊர்கள்

"அவர்கள் ஊரில் பனி கொட்டுகிறது, ஓடுகிறார்கள். நம் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம்.

அவர்கள் ஊரிலும் பனி ஏமாற்றியிருக்கிறது!

1928-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் நகரில் போட்டி நடந்தது. திடீரென்று வெப்பக் காற்று வீசியது. பனிக்கட்டி இளகித் தண்ணீர் ஆகிவிட்டது. 10,000 மீட்டர் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி, பந்தயமே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

1964-ல் ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புருக் நகரில் இன்னும் வேடிக்கை. மலைகள் எல்லாம் இருந்தன; பனி மட்டும் இல்லை! ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். சிப்பாய்கள் உயரமான மலைகளுக்குப் போய் 20 ஆயிரம் பனிக்கட்டிப் பாளங்களை வெட்டி வந்தார்கள். சறுக்கு மலைகளில் கொட்டுவதற்கு 40 ஆயிரம் கன மீட்டர் பனியையும் சுமந்து வந்தார்கள். பிறகுதான் பந்தயம் நடந்தது.

ஆகவே, வானத்தை நம்பிப் பயன் இல்லை என்று எல்லோரும் இயந்திரத்தை நம்பத் தொடங்கினார்கள். 1960-ல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் வேகச் சறுக்குக்காக இயந்திரத்தால் உறைய வைத்த பனித் தளம் வந்தது. 1980-ல் லேக் பிளாசிடில் இயந்திரம் தயாரித்த பனியை மலையில் தூவினார்கள். 1988-ல் கனடாவின் கால்கரி நகரில் வேகச் சறுக்குக் களத்துக்குக் கூரையே போட்டுவிட்டார்கள். 2022-ல் சீனாவின் பெய்ஜிங் நகரில் நடந்த போட்டியில், சறுக்கு மலைகளில் கிடந்த பனி கிட்டத்தட்ட முழுவதும் இயந்திரம் தயாரித்ததுதான்.

இயந்திரத்துக்கு ஆல்ப்ஸ் மலையும் ஒன்றுதான்; அடையாறும் ஒன்றுதான்.

சென்னைக்கு வந்த அமெரிக்க ஐஸ்

இதில் சென்னைக்கு ஒரு பழைய கதை உண்டு.

மெரினா கடற்கரையில், திருவல்லிக்கேணிப் பக்கம், வட்ட வடிவமான ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஊர் மக்கள் வாயில் அது இன்னும் "ஐஸ் ஹவுஸ்" தான்.

பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி 1842-ல் கட்டிய கட்டடம் அது. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார் அவர். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதக் கடல் பயணம். கல்கத்தா துறைமுகத்தில் இறங்கியபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது!

பிறகு இயந்திர ஐஸ் வந்தது. டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடிந்து திரும்பியபோது தங்கியது அந்தக் கட்டடத்தில்தான்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் குளிர்ந்த பானம் குடிப்பதற்காகப் பாதி உலகத்தைத் தாண்டி ஐஸ் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடுவதற்கு இந்த ஊரிலேயே ஐஸ் செய்ய முடியாதா?

சக்கர வண்டியில் இமயமலை இறங்கியவர்

இந்தியா முதன் முதலில் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது 1964-ல். ராணுவம் பனி சுமந்த அதே இன்ஸ்புருக் போட்டிதான். போனவர் ஒரே ஒருவர். ஜெரமி புஜகோவ்ஸ்கி என்று பெயர். போலந்து நாட்டில் பிறந்து இந்தியக் குடிமகன் ஆனவர். பிறகு 1988-ல் கால்கரியில் ஷைலஜா குமார் பனிச்சறுக்கில் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவர்.

எல்லோருக்கும் மேலாக நினைக்க வேண்டியவர் ஷிவ கேசவன். தந்தை கேரளத்துக்காரர். தாய் இத்தாலி நாட்டவர். வளர்ந்தது மணாலிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம்.

அவருடைய விளையாட்டு சறுக்கு வண்டி. சின்னப் பலகை போன்ற வண்டியில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். கால் முன்னால், தலை பின்னால். பனிக்கட்டிக் கால்வாயில் வண்டி மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் பாயும்! இந்தியாவில் அதற்கு ஒரு களம்கூட இல்லை. கேசவன் என்ன செய்தார்? வண்டிக்கு அடியில் சக்கரம் பொருத்தினார். இமயமலைத் தார்ச் சாலையில் படுத்தபடி இறங்கினார். எதிரே லாரி வரும். ஆட்டு மந்தை குறுக்கே போகும். அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து பயிற்சி செய்தார்.

1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் அவர் ஒலிம்பிக்கில் இறங்கியபோது வயது 16. அதன் பிறகு 2018 வரை விடாமல் ஆறு ஒலிம்பிக்! 2011-ல் ஆசியப் போட்டியில் தங்கமும் வாங்கினார்.

2014-ல் ரஷ்யாவின் சோச்சி நகரில் அவருக்கு நேர்ந்ததை மறக்க முடியாது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் விவகாரத்தால், உலக ஒலிம்பிக் குழு இந்தியாவைத் தள்ளி வைத்திருந்தது. தொடக்க விழாவில் கேசவனும் அவருடைய தோழர்களும் மூவர்ணக் கொடி இல்லாமல் நடந்தார்கள். நாற்காலிச் சண்டை போட்டவர்கள் யாரோ. தலை குனிந்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள்! போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே, பிப்ரவரி 11-ந் தேதி தடை நீங்கியது. ஆனால் கேசவன் ஓடி முடித்துவிட்டார்.

2022-ல் பெய்ஜிங் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் காஷ்மீரத்து ஆரிப் கான் ஒருவர் மட்டுமே. 140 கோடி மக்களுக்கு ஒரே ஒருவர்!

ஆனந்தகுமார் என்ன செய்வார்?

இனிச் சென்னைக்கு வருவோம்.

ஆனந்தகுமார் வேல்குமார் சென்னைப் பிள்ளை. சக்கரச் சறுக்கு வீரர். 2021-ல் கொலம்பியா நாட்டில் நடந்த இளைஞர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். அதே நாளில் பெண்கள் தொடர் ஓட்ட அணியும் வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இருந்தார்கள்.

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1,000 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 24.924 விநாடியில் ஓடி முடித்தார் ஆனந்தகுமார். தங்கம்! இந்த விளையாட்டில் பெரியவர்கள் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதோடு நிற்கவில்லை. 42 கிலோ மீட்டர் மாரத்தான் ஓட்டத்திலும் தங்கம் வாங்கினார்.

உலகச் சாம்பியன்! சரி, அடுத்தது ஒலிம்பிக் தானே?

அங்கேதான் கதவு அடைத்திருக்கிறது. கோடை ஒலிம்பிக்கில் சக்கர வேக ஓட்டம் இல்லை. பலகையில் சக்கரம் வைத்து ஆடும் ஸ்கேட்போர்டை டோக்கியோவில் சேர்த்தார்கள். சக்கர வேக ஓட்டத்தை 2018-ல் இளைஞர் ஒலிம்பிக்கில் மட்டும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள். பெரிய ஒலிம்பிக்கில் அதற்கு இடம் தரவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கிலோ, பனி மேலும் பனிக்கட்டி மேலும் ஆடும் விளையாட்டுக்குத்தான் இடம். அது சட்டம்.

இதனால் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "இதை வைத்து எங்கே போகப் போகிறாய்? ஒலிம்பிக்கிலேயே இல்லையே!" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சக்கரக் காலணி பரண் மேல் ஏறிவிடுகிறது. பெற்றோரைக் குறை சொல்ல முடியுமா? நல்ல பந்தயக் காலணி ஒரு ஜோடி வாங்கினால், பல குடும்பங்களின் ஒரு மாத வரும்படி அதற்கே சரியாகிவிடும்.

புளோரிடாவின் மூன்று பேர்

அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் இருக்கிறது. அமெரிக்காவில் பலர் அதன் வழியாக நுழைந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா மாநிலம். சென்னையைப் போல வெயிலும் புழுக்கமும் உள்ள சீமை. அங்கே ஒக்காலா என்று ஓர் ஊர். அந்த ஊரில் சக்கரச் சறுக்கு பழகிய மூன்று பேர் எரின் ஜாக்சன், பிரிட்டனி போ, ஜோயி மன்டியா. மூவருக்கும் சிறு வயதில் ஒரே பயிற்சியாளர். மூவரும் சக்கர ஓட்டத்தில் பேர் வாங்கியவர்கள். மூவரும் பிறகு பனிக்கட்டிக்கு மாறினார்கள்.

எரின் ஜாக்சன் கதையைக் கேட்டால் நம்புவது கஷ்டம். பனிக்கட்டியில் சில மாதங்களே பழகி, 2018 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் இடம் பிடித்துவிட்டார்!

2022 ஒலிம்பிக்குக்கு முன் நடந்த தேர்வுப் பந்தயத்தில் 500 மீட்டர் ஓட்டத்தின்போது அவர் கால் தடுமாறியது. அணியில் இடம் போயிற்று. முதலாவதாக வந்தவர் பிரிட்டனி போ. "என் இடத்தை எரினுக்குக் கொடுங்கள்" என்று போ விலகிக்கொண்டார். ஒரே ஊர்த் தோழி அல்லவா! பெய்ஜிங்கில் எரின் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனி நபர் பந்தயத்தில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். விட்டுக்கொடுத்த போவுக்கும் பின்னர் ஓர் இடம் கிடைத்து, அவரும் அந்த 500 மீட்டரில் ஓடினார். 1,000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். மன்டியாவும் அணி ஓட்டத்தில் வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

பனியே விழாத ஓர் ஊருக்கு ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பேர் பதக்கம் கொண்டு வந்தார்கள்!

பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அங்கே பனி ஏது? மைக்கேல் மார்ட்டினஸ் என்ற சிறுவன், கடைகள் நிறைந்த ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்துக்குள் இருந்த பனித் தளத்தில் சறுக்கிப் பழகினான். 2014-ல் சோச்சி ஒலிம்பிக்கில் அழகுச் சறுக்கில் 19-வது இடம் பிடித்தான். மலேசியாவின் ஜூலியன் யீயும் அப்படி ஓர் அங்காடித் தளத்தில் பழகியவர்தான். 2018 ஒலிம்பிக்குக்குப் போனார்.

சென்னையில் அங்காடிக் கட்டடங்களுக்குக் குறைவா? செயற்கைப் பனியில் குழந்தைகள் விளையாடிப் படம் பிடித்துக்கொள்ளும் கேளிக்கை இடம்கூடக் கடற்கரைச் சாலையில் வந்துவிட்டது. ஆனால் அது கேளிக்கை. பந்தயத்துக்குப் பழகும் தளம் வேறு.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

பந்தயத் தளம் என்றால் என்ன? தரைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குழாய்கள். அவற்றில் மிகக் குளிர்ந்த திரவம் ஓடும். மேலே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உறைய வைப்பார்கள். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கனத்துக்குப் பனிக்கட்டி படியும். 400 மீட்டர் நீள்வட்டக் களம் சென்னைக்கு வேண்டாம். அது பெரும் செலவு. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள சிறிய தளம் போதும். அதிலேயே குறுந்தடப் பந்தயம் ஓடலாம். 1992 முதல் அது ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு சுற்று 111 மீட்டர்தான்.

"ஊரில் மின்சாரமும் தண்ணீரும் படும் பாட்டில் இது தேவையா? மாநகராட்சிப் பள்ளியில் கால்பந்து ஆடவே மைதானம் இல்லையே!" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. தள்ளிவிடக் கூடாது.

டேராடூன் நகரில் நடந்ததும் எல்லோருக்கும் பாடம். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அங்கே பெரிய பனித் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்தது. நடத்துவதற்குப் பணம் இல்லை என்று பூட்டினார்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பார்த்த கதைதான்! பத்து ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த தளத்தை 2025-ல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆசிய நாடுகளின் குறுந்தடப் பந்தயம் அங்கே நடந்தது.

ஆகவே, கட்டுவதற்கு முன்னால் அதை நடத்துவது யார் என்று முடிவு செய்ய வேண்டும். அங்காடி முதலாளி ஒருவர் இடம் கொடுக்கட்டும். பகலிலும் மாலையிலும் கட்டணம் வாங்கி ஊர் மக்களைச் சறுக்க விடட்டும். விடியற்காலை இரண்டு மணி நேரம் பந்தயப் பிள்ளைகளுக்கு. அதற்கு உரிய பணத்தை அரசாங்கம் கொடுக்கட்டும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் காலணிக்கும் காசு கேட்கக் கூடாது. கம்பளிச் சட்டைக்குக் கவலை இல்லை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கிடைக்காதது எது?

இதற்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வழவழப்பான, வளைவில் சரிவு வைத்த சக்கரத் தடங்களை ஊருக்குள் இன்னும் பல இடங்களில் போட வேண்டும். ஒக்காலா பிள்ளைகள் முதலில் சக்கரத்தில்தான் உலகத்தை வென்றார்கள். பனிக்கட்டி பிறகு வந்தது. தார்ச் சாலையில், ஆட்டோவுக்கும் நாய்க்கும் ஒதுங்கி ஓடும் பிள்ளைக்கு முதல் தேவை ஒரு நல்ல தரை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

2030-ம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கைப் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாமோனி இருக்கும் அதே ஆல்ப்ஸ். சென்னைக்கு அது ரொம்பச் சீக்கிரம். அதற்கு அடுத்தது 2034-ல், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில். பெசன்ட் நகரில் இன்று விழுந்து விழுந்து எழுந்து ஓடும் 10 வயதுப் பெண்ணுக்கு அப்போது 18 வயது ஆகியிருக்கும்.